பெரிய கம்பெனியும் சிறிய நாடும்

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கையை முடித்துப் பதிவேடுகளை மூடிக்கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் வந்து எதிரே அமர்ந்தார். "ஐயா, பக்கத்துத் தாலுகாவில் அயல்நாட்டுக் கம்பெனி ஒன்று எலெக்ட்ரானிக் தொழிற்சாலை வைக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். மகனுக்கு அங்கே வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தறியை விற்றுவிட்டு, சங்கத்தில் இருக்கும் பங்குத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பங்குத் தொகையைத் திரும்பப் பெறுவதற்குரிய விதியை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டதோ விதியை அன்று. பெரிய கம்பெனி ஒன்று வருகிறதென்றால் அதை நம்பி நாம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. பின்னர் ஆலோசித்துப் பார்த்தபோது, இதே கேள்வியை ஒரு சிறிய நாடு முழுவதுமே எதிர்கொண்ட வரலாறு நினைவுக்கு வந்தது. அதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காபி விளையும் நாடு

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் குறுகிய நிலப்பகுதியில் கோஸ்டா ரிகா என்னும் நாடு இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று சொல்லலாம். இன்று மக்கள் தொகை 50 லட்சத்தைச் சிறிது கடந்திருக்கிறது. காபியும் வாழையுமே நெடுங்காலம் அந்நாட்டின் செல்வமாக இருந்தன. 1948-ஆம் ஆண்டில் அந்நாட்டார் தமது இராணுவத்தையே கலைத்துவிட்டனர். ஆரம்பக் கல்வி 1869 முதலே அங்கு இலவசமும் கட்டாயமுமாக இருந்து வருகிறது.

கூட்டுறவும் அந்நாட்டிற்குப் புதிதன்று. காபி பயிரிடுவோர் பலர் கூட்டுறவுச் சங்கங்களின் மூலமே தம் விளைச்சலைப் பதப்படுத்தி விற்கின்றனர். 1947-ல் பால் உற்பத்தியாளர்கள் கூடித் தொடங்கிய டோஸ் பினோஸ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம், இன்று அந்நாட்டின் முதன்மையான பால் நிறுவனமாக விளங்குகிறது.

இத்தகைய நாட்டிற்கு 1996-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கணிப்பொறியின் மூளை எனத்தக்க சில்லுகளைச் செய்யும் அமெரிக்க நிறுவனமாகிய இன்டெல், 30 கோடி டாலர் செலவில் அங்கே ஒரு தொழிற்சாலை அமைக்கப் போவதாக அறிவித்தது. பிரேசில், சிலி, மெக்ஸிகோ ஆகிய நாடுகளும் போட்டியில் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டு, 35 லட்சம் மக்களே அப்போது வாழ்ந்த இச்சிறு நாட்டை நிறுவனம் தேர்ந்தெடுத்தது உலகத்தாருக்கு வியப்பாக இருந்தது. அந்நாட்டு மக்கள் அனைவரும் உழைத்து ஓராண்டில் ஈட்டும் மொத்த உற்பத்தியைக் காட்டிலும் அந்த ஒரு கம்பெனியின் ஆண்டு விற்பனை அதிகம்!

சிறிய நாட்டை நாடுவது ஏன்?

பெரிய நாட்டில் வாங்குவோர் மிகுதி. ஆகையால் கம்பெனிகள் பெரிய நாடுகளைத்தானே நாட வேண்டும் என்று நாம் எண்ணுவது இயல்பு. சோப்பும் சைக்கிளும் செய்பவருக்கு அது பொருந்தும். சில்லு செய்பவருக்குப் பொருந்தாது. கையில் அடங்கும் ஒரு பெட்டியில் பல்லாயிரம் டாலர் பெறுமானமுள்ள சில்லுகளை வைத்துவிடலாம். விமானத்தில் அனுப்பினாலும் விலையில் கூலி ஒரு சிறு துளியே. செய்தவை யாவும் வெளிநாட்டுக்கே போகின்றன. எனவே தொழிற்சாலை இருக்கும் நாட்டில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கே அங்கு எழுவதில்லை. விமான நிலையம் அருகில் இருக்கிறதா, சுங்க அதிகாரிகள் சரக்கை விரைவில் விடுவிப்பார்களா, மின்சாரம் தடையின்றி வருமா என்பனவே முதற் கேள்விகள். இன்டெல் தேர்ந்தெடுத்த பெலேன் என்னும் இடம் தலைநகருக்கும் விமான நிலையத்துக்கும் அணித்தே இருந்தது.

இரண்டாவது காரணம், ஆபத்தைப் பங்கிடுதல். இணைத்துச் சோதிக்கும் தொழிற்சாலைகள் அந்நிறுவனத்துக்கு ஏற்கெனவே மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தன. எல்லாவற்றையும் உலகின் ஒரே பகுதியில் வைத்திருந்தால், அங்கே கலகமோ பூகம்பமோ நேர்ந்தால் தொழில் முழுதும் முடங்கிவிடும். எல்லா நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கக் குடியானவன் அஞ்சுகிறான் அன்றோ? அதே அச்சந்தான் இது.

மூன்றாவது, படித்த உழைப்பாளர் குறைந்த ஊதியத்துக்குக் கிடைத்தனர். நான்காவது, சிறிய நாட்டின் சர்க்கார் காது கொடுத்துக் கேட்கும். பெரிய நாட்டில் பல வாயில்களைக் கடந்து மந்திரியைக் காண வேண்டும். கோஸ்டா ரிகாவிலோ அக்காலத்து ஜனாதிபதி ஹோசே மரியா ஃபிகேரஸ் தாமே இவ்விஷயத்தில் நேரடியாக ஈடுபட்டார்.

ஐந்தாவதாக வரிச் சலுகையைச் சொல்ல வேண்டும். 1990-ஆம் ஆண்டின் சுதந்திர மண்டலச் சட்டப்படி, ஏற்றுமதிக்கென அமையும் தொழிற்சாலைக்கு முதல் 8 ஆண்டுகள் வருமான வரி முழுவதும் தள்ளுபடி. அடுத்த 4 ஆண்டுகள் பாதி தள்ளுபடி.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அந்நாட்டார் இன்டெலுக்கென்று தனிச் சலுகை எதையும் வழங்க விரும்பவில்லை. எதைக் கொடுப்பினும் அதே நிபந்தனைக்கு உட்பட்டு வரும் எவருக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும் என்னும் கொள்கையைக் கடைப்பிடித்தனர். கம்பெனி தொழில்நுட்பம் கற்றவர்கள் போதாது என்று குறை கூறியபோது, அந்நாட்டுத் தொழில்நுட்பக் கழகம் புதிய பாடத் திட்டங்களை ஏற்படுத்தியது. இந்த ஒரு செய்கை பிற்காலத்தில் எவ்வளவு பயன் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரவு வேறு, மிச்சம் வேறு

1998-ல் உற்பத்தி தொடங்கியது. 1999-ல் அந்நாட்டு ஏற்றுமதியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு தொழிற்சாலையிலிருந்தே சென்றது. நூறாண்டுகளுக்கு மேலாக நாட்டைத் தாங்கி நின்ற காபியும் வாழையும் சேர்ந்தும் அதற்கு ஈடாகவில்லை. அவ்வாண்டில் தேசிய உற்பத்தி 8 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது.

கணக்குப் பார்த்துப் பழகியவன் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் சங்கங்களின் ஆண்டு அறிக்கையில் "மொத்த விற்பனை" என்று ஒரு தொகை இருக்கும். "நிகர லாபம்" என்று வேறொரு தொகை இருக்கும். முன்னதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் பின்னதைப் பாராமல் போகிறவர் ஏமாறுவர். நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்வித்துக்கொள்ளும் முதலாளியிடம் ஒரு நெசவாளி பதினாயிரம் ரூபாய்ச் சேலையை நெய்து கொடுக்கிறான் என்போம். அவன் வீட்டுக்குப் பதினாயிரம் வந்ததா? பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, சேலையும் அவருடையது. நெசவாளிக்கு மிஞ்சியது கூலி மட்டுமே.

சில்லுத் தொழிலும் அவ்வாறே இருந்தது. விலை உயர்ந்த மூலப்பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கின. இணைத்துச் சோதித்தபின் வெளிநாட்டுக்கே ஏறிச் சென்றன. ஏற்றுமதிக் கணக்கில் முழு விலையும் எழுதப்பட்டது. நாட்டில் தங்கியது ஊதியமும், மின்சாரக் கட்டணமும், உள்ளூரில் வாங்கிய சில பொருள்களின் விலையுமே. அவ்வாறு வாங்கியவை பெரும்பாலும் பொட்டலம் கட்டும் சாமான், உணவு, காவல், போக்குவரத்து போன்றவை. இலாபம் உடையவரிடமே போய்ச் சேர்ந்தது.

ஐரோப்பாவில் ஐயர்லாந்து என்னும் சிறு நாட்டில் இம்மயக்கம் உச்சத்தை எட்டியது. குறைந்த வரியைக் காட்டிப் பெரிய கம்பெனிகளை ஈர்ப்பதில் அந்நாடு புகழ் பெற்றது. 2015-ல் அதன் தேசிய உற்பத்தி ஒரே ஆண்டில் 26 சதவிகிதம் பெருகியதாக முதலில் கணக்கு வெளியாயிற்று. வயலில் விளைச்சலோ வீட்டில் வருமானமோ அவ்வாறு பெருகவில்லை. பன்னாட்டுக் கம்பெனிகள் தம் சொத்துகளை ஏட்டளவில் அந்நாட்டுக்கு மாற்றிக்கொண்டதே முக்கிய காரணம். பின்னர் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே, உள்நாட்டாரின் உண்மை வருமானத்தைக் காட்டத் தனியாக வேறோர் அளவுகோலை ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

அங்கேயே ஆப்பிள் நிறுவனம் 1980 முதல் தொழில் நடத்தி வருகிறது. அதற்குச் சட்டவிரோதமாக வரிச் சலுகை அளிக்கப்பட்டதென்றும், 1,300 கோடி யூரோ வரை திரும்ப வசூலிக்க வேண்டும் என்றும் 2016-ல் ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்தது. வரவேண்டிய பணத்தை வேண்டாம் என்று கூறி, கம்பெனியோடு சேர்ந்து ஐயர்லாந்து சர்க்காரே வழக்காடியது! பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் முடிவாகக் கூறிவிட்டது. வரும் பணத்தைவிட, கம்பெனி மனம் கோணிப் போய்விடுமோ என்ற அச்சம் பெரிதாகிவிட்ட நிலையை இது காட்டுகிறது.

மின்சாரத்தையும் பாருங்கள். கணிப்பொறித் தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவு மையங்கள் ஐயர்லாந்தில் 2015-ல் 5 சதவிகித மின்சாரத்தைச் செலவழித்தன. 2023-ல் அது 21 சதவிகிதமாயிற்று. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவழித்ததைவிட இது அதிகம். இத்தகைய மையங்களில் கட்டடம் பெரிது. நிரந்தர வேலைக்கு ஆட்கள் தேவைப்படுவதோ சிலரே.

போன நாள்

மீண்டும் கோஸ்டா ரிகாவுக்கு வருவோம். 2014 ஏப்ரல் 8-ஆம் நாள், புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்து இரண்டே நாள் ஆகியிருந்த வேளையில், இணைத்துச் சோதிக்கும் தொழிற்சாலையை மூடி அவ்வேலையை ஆசிய நாடுகளுக்கு மாற்றப் போவதாக இன்டெல் அறிவித்தது. சுமார் 1,500 பேர் வேலை இழந்தனர். அந்நாட்டின் ஏற்றுமதியில் அப்போதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்நிறுவனத்தினுடையதே. தொழிலாளர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் செய்த வேலையில் பழுதும் இல்லை. உலகில் மேஜைக் கணிப்பொறிகளின் விற்பனை தளர்ந்தது. ஒரே இடத்தில் குவித்தால் செலவு குறையும் என்று கம்பெனி கணக்கிட்டது. அவ்வளவே.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐயர்லாந்தின் லிமரிக் நகரில் கணிப்பொறி செய்துவந்த டெல் நிறுவனம், 2009-ல் அவ்வேலையைப் போலந்து நாட்டுக்கு மாற்றியபோது 1,900 பேர் வேலை இழந்தனர். சலுகையால் வந்த தொழில், வேறிடத்தில் செலவு குறைகிறதென்று கண்டால் எழுந்து போய்விடும்.

கோஸ்டா ரிகாவில் கதை அத்துடன் முடியவில்லை. 2020-ன் இறுதியில் இன்டெல் திரும்பி வந்தது. சோதனைத் தொழிற்சாலையை மறுபடியும் தொடங்க 35 கோடி டாலர் செலவிடுவதாகச் சொல்லி, அடுத்த ஆண்டில் அத்தொகையை 60 கோடியாக உயர்த்தியது. மக்கள் மகிழ்ந்தனர். 2025 ஜூலையில், அவ்வேலையை வியட்நாமிலும் மலேசியாவிலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளோடு சேர்த்துவிடப் போவதாக இரண்டாம் முறையாக அறிவிப்பு வந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை வரவும் இருமுறை போக்கும்!

எது தங்கியது? எது தங்கவில்லை?

இனி ஐந்தொகை எடுப்போம். வந்தது வீண் என்று கூறுவது நியாயமாகாது. 2014-ல் தொழிற்சாலை மூடப்பட்டபோதும், ஆராய்ச்சியிலும் வடிவமைப்பிலும் ஈடுபட்டிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்நிறுவனத்திலேயே நீடித்தனர். 2025-ன் அறிவிப்புக்குப் பின்னரும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொறியியலாளரும் பிற பணியாளரும் அங்கிருப்பர் என்று கம்பெனி கூறியது. இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றினர். படிப்பை ஏற்ற முடியவில்லை. இன்டெல் வந்ததைக் கண்டு வேறு கம்பெனிகளும் வந்தன. இன்று அந்நாட்டு ஏற்றுமதியில் முதலிடம் வகிப்பவை மருத்துவக் கருவிகள். தொழில்நுட்பக் கல்வி பெற்ற இளைஞர்கள் அங்கு தயாராக இருந்தமையே அவ்வளர்ச்சிக்கு உறுதுணை. சலுகையால் வந்தது சலுகையோடு போயிற்று. நாடு தன் செலவில் தன் பிள்ளைகளுக்கு அளித்த கல்வியோ தங்கி நின்று வேறு தொழிலைக் கொண்டுவந்தது.

தங்காதது எது? உள்நாட்டுச் சிறு தொழில்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து வளரும் என்று எதிர்பார்த்தனர். அது எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. சுதந்திர மண்டலத்துக்குள் ஒரு பொருளாதாரமும், மதிலுக்கு வெளியே மற்றொன்றுமாக நாடு இரண்டுபட்டது. உள்ளே வளர்ச்சி விரைவாக இருக்க, வெளியே மந்தமாகவே இருந்து வருகிறது.

பயிர் செய்வோருக்கு மற்றொரு சங்கடமும் நேர்ந்தது. நம் விவசாய அங்கத்தினர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளாலும் சுற்றுலாவாலும் டாலர் ஏராளமாக வந்து குவிய, அந்நாட்டு நாணயமாகிய கொலோனின் மதிப்பு உயர்ந்தது. 2022-ன் நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 700 கொலோன் கிடைத்தது. 2024-ல் ஏறத்தாழ 510 மட்டுமே. காபிக்காரன் விற்பது டாலருக்கு. கூலியும் உரமும் கடன் தவணையும் கட்டுவது பெரும்பாலும் கொலோனில். அதே மூட்டை, அதே டாலர் விலை. ஆயினும் கைக்கு வந்த பணம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. அவன் அந்தத் தொழிற்சாலையின் வாயிலைக் கண்டதுகூட இல்லை. எனினும் அதன் விளைவில் ஒரு பகுதி அவன் களத்துக்கு வந்து சேர்ந்தது.

உடைமை யாருடையது?

டோஸ் பினோஸ் என்னும் பால் கூட்டுறவு ஸ்தாபனம் இக்காலம் முழுவதும் அங்கேயேதான் இருந்தது. அது வியட்நாமுக்கு எழுந்து போய்விடும் என்று ஒருவரும் அஞ்சவில்லை. அதன் உடைமைக்காரர் அவ்வூர்ப் பால் உற்பத்தியாளரே. அவர்களுடைய பசுக்களும் புல்லும் நிலமும் அங்கேதான் உள்ளன. கம்பெனியின் முடிவு பங்குதாரர் இருக்கும் இடத்தில் செய்யப்படுகிறது. கூட்டுறவின் முடிவும் அவ்வாறேதான்; அதன் பங்குதாரர் ஊரிலேயே இருக்கின்றனர் என்பதே வேறுபாடு.

இதனால் கூட்டுறவு எல்லாம் செய்யவல்லது என்று நான் கூற வரவில்லை. நம் சங்கங்களின் குறைகளை வருஷந்தோறும் தணிக்கைக் குறிப்பில் எழுதுபவன் நான். 30 கோடி டாலர் மூலதனமும் சில்லுத் தொழிலின் நுட்பமும் எந்தக் காபிச் சங்கத்திடமும் இல்லை. அக்கம்பெனி வராதிருந்தால் அந்த இளைஞர்களில் பலருக்கு அவ்வேலையும் அனுபவமும் கிடைத்திரா. ஆகவே வரவேற்பதா விரட்டுவதா என்பது சரியான கேள்வியன்று. எந்தக் கணக்கோடு வரவேற்பது என்பதே கேள்வி.

கம்பெனி எதுவாயினும் நாம் நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, அதற்குத் தரும் சலுகை எல்லோருக்கும் பொதுவானதா, எத்தனை ஆண்டுக்கு உரியது? இரண்டாவது, நம் பிள்ளைகள் கற்கும் வேலை அந்த ஒரு மதிலுக்குள் மட்டும் செல்லுபடியாகுமா, வேறிடத்திலும் சோறு போடுமா? மூன்றாவது, அது உள்ளூரில் வாங்கப் போவது என்ன. அதை நம் சங்கங்கள் தரத்தோடும் தவணை தவறாமலும் கொடுக்க இயலுமா? நான்காவது, அது போகும் நாளில் நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன? வரும் நாளின் பந்தலையும் மாலையையும் பார்க்கும்போதே இந்த நான்காவது கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு நான் கூற வேண்டிய விடை இப்போது தெளிவாகிறது. பெரியவரே, மகனைத் தாராளமாக வேலைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு தொழிற்படிப்பை முடிக்கச் செய்யுங்கள். கம்பெனி போனாலும் அது அவனோடு இருக்கும். தறியை விற்பதும் வைத்திருப்பதும் தங்கள் உடல்நிலையையும் குடும்ப நிலையையும் பொறுத்தது. அதில் நான் தலையிடேன். ஆனால் பங்குத் தொகையைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள். சிறு தொகைதான். எனினும், தங்களைக் கேளாமல் ஊரை விட்டு எழுந்து போக முடியாத ஸ்தாபனம் ஒன்றில் தங்களுக்கு உள்ள உரிமை அது. அடுத்த மாதம் அச்சங்கத்துக்கு மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது. இவ்விதழை அவர் கையில் கொடுத்து இதை நேரிலும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.